எரிமலைப் பாறை மேட்டில் நாயோடு நடக்க: காரைக்குடியில் இருந்தே தயார் செய்வது எப்படி?

ரஸ்தா_வாசி:

வணக்கம். நாங்கள் காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா பக்கம். இரண்டரை வயது சிப்பிப்பாறை, ஆண், எடை 22 கிலோ. தடுப்பூசி எல்லாம் நாள் தவறாமல் போட்டு வருகிறோம். காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் செம்மண் தடத்தில் நடக்கிறான். ஜனவரி கடைசியில் புனேயில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஒரு வாரம் போகிறோம். அப்போது இவனையும் கூட்டிக்கொண்டு சகியாத்ரி (அந்தப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை) மேட்டில் இரண்டு மூன்று நாள் நடக்கலாம் என்று எண்ணம். அங்கே மலை முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறை என்கிறார்கள்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். பாதம் தாங்குமா, ஷூ போட வேண்டுமா? இங்கேயே ஏறி இறங்கிப் பழக்க எந்த இடம் சரி? திருமயம் கோட்டை, பிரான்மலை என்று யோசிக்கிறோம். அங்கே எந்த வழியில் நாயைக் கொண்டுபோகலாம், எங்கே கூடாது? தண்ணீரும் சாப்பாடும் எவ்வளவு? இப்போது நவம்பர் முதல் வாரம், நாள் போதுமா?

கண்மாய்க்கரை:

நாள் போதும், ஆனால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். நாயின் மூச்சும் தசையும் மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடும். உள்ளங்கால் தோல் தடிக்கத்தான் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நாயின் மூச்சைப் பார்த்துத் ‘தயார்’ என்று முடிவு செய்கிறார்கள். இரண்டாம் நாள் அது நடக்க மறுப்பது மூச்சு வாங்கியல்ல, கால் வெந்துபோய்.

நம் பக்கத்துச் செம்மண் தடம் மெத்தென்று இருக்கும். செம்புராங்கல் சரளை அதைவிடக் கடினம் என்றாலும் அதன் குருணை உருண்டை. தேய்க்குமே தவிர அறுக்காது. சகியாத்ரிப் பாறை அப்படியில்லை. குழம்பு உறையும்போது உள்ளே அடைபட்ட வாயுக் குமிழி விட்டுப்போன துளைகள் பல அடுக்குகளில் மேற்பரப்பு முழுக்க இருக்கும். ஒவ்வொரு துளை விளிம்பும் கூர். சில துளைகளுக்குள் வெள்ளைப் படிகம் வளர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் நாய் பிரேக் போடுவது முன்னங்காலால். நிற்கும்போதே உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்காலில்தான் இருக்கிறது, இறங்கும்போது இன்னும் கூடும். ஆகவே ஏற்றத்தில் ஒன்றும் ஆகாத கால் இறக்கத்தில்தான் உரியும்.

பழக்குவது இப்படி. முதல் இரண்டு வாரம், வழக்கமான நடையில் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் கிராவல் ரோட்டில். மூன்றாம் வாரம் இருபது நிமிடம். ஐந்தாம் வாரம் முடிவதற்குள் அரை மணி நேரம் முழுக்கச் சரளையில் நடக்க வேண்டும். இதோடு வாரம் ஒரு நாள் நீள நடை: 5 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூட்டிப் போனால் எட்டாம் வாரம் 15-ஐ எட்டும். நீள நடைக்கு மறுநாள் ஓய்வு, கட்டாயம். கிளம்புவதற்கு முந்தின ஐந்து நாள் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள்.

ஒவ்வொரு நடைக்கும் பிறகு நான்கு காலையும் திருப்பிப் பாருங்கள். சொரசொரப்பு இருக்கும்வரை நல்லது. வழவழவென்று மின்னினால் தேய்மானம் வளர்ச்சியை முந்துகிறது, மூன்று நாள் மண் தடத்துக்கே திரும்புங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் ஒரு வாரம் நிறுத்தம். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. வெடிப்பு இருந்தால் இரவில் லேசாகத் தடவலாம், நடைக்கு முன்னால் கூடாது. இளகிய தோல் சீக்கிரம் கிழியும். இதே காரணத்துக்காகத்தான் கண்மாயில் நீந்தவிட்டு உடனே சரளையில் நடத்துவதும் தப்பு. கால் காய அரை மணி நேரம் கொடுங்கள்.

இடம்: திருமயம் கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் விலங்குகளைக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. சித்தன்னவாசலுக்கும் நார்த்தாமலைக் கோயில் பகுதிக்கும் அதுவே. பிரான்மலையில் அடிவாரத்தில் கோயில், உச்சியில் தர்கா, ஏறுகிறவர்கள் நேர்த்திக்கடனுக்கு வெறுங்காலோடு ஏறுகிறவர்கள். அந்தப் பாதையில் நாயை ஏற்றுவது முறையில்லை. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி குன்றுகளும் அப்படித்தான். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் நாயே கூடாது, அதிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவை கூடுகட்டி இருக்கும்.

அப்புறம் எங்கே ஏற்றி இறக்குவது என்றால், கண்மாய்க் கரைதான். பெரிய கண்மாயின் வெளிச்சரிவு மூன்று நான்கு மீட்டர் உயரம் வரும். நேராக ஏறி நேராக இறங்குவது பத்து முறை, நடுவில் இரண்டு நிமிட நிறுத்தம். இரண்டு வாரத்தில் இருபது முறையாக ஆக்குங்கள். உட்சரிவில் கல் பதித்திருந்தால் இந்த மழைக்காலத்தில் பாசி பிடித்திருக்கும், வேண்டாம். ஊருணிப் படியில் பழக்குகிறேன் என்று யாரும் இறங்கிவிடாதீர்கள். பல ஊரில் அது இன்றும் குடிதண்ணீர், செருப்புக் காலோடே இறங்க மாட்டார்கள்.

சீமைக்கருவேல் முள்ளுக்கு முள்வாங்கி எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். அந்த முள் முனை உடைந்து உள்ளே நின்றால் இரண்டு நாளில் சீழ் வைக்கும், எட்டு வாரத் திட்டத்தில் பத்து நாள் போய்விடும்.

புனேத்தமிழ்:

அக்கா, இந்தப் பக்க நிலம் எப்படி இருக்கும் என்று முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கு மேல் அடுக்காகக் குழம்பு வழிந்து உறைந்த பூமி; இன்றைக்கு மிச்சம் இருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு அடுக்கும் மேலே தட்டை, பக்கத்தில் செங்குத்து. எனவே ஏற்றம் சீராக இராது. அரை மணி நேரம் மைதானம் மாதிரி போகும், திடீரென்று பத்து இருபது மீட்டர் சுவர் வந்து நிற்கும். மனிதனுக்கு வெட்டுப்படியோ இரும்பு ஏணியோ இருக்கும். நாய்க்குப் பிரச்சினை எல்லாம் அந்தச் சுவரில்தான். இரும்பு ஏணியில் நாய் முண்டியடித்து ஏறிவிடும், இறங்காது. இறங்கும்போது கம்பி இடைவெளியில் கால் மாட்டி முறியும். ஆகவே வழியில் ஏணி உண்டா என்று முந்தின நாளே ஊரில் விசாரியுங்கள். ஏணி இருந்தால் அது உங்கள் வழி இல்லை.

இரண்டு அடுக்குக்கு நடுவே பல இடத்தில் சிவப்புக் களிமண் பட்டை ஓடும். அதன் மேலேதான் ஊற்று கசியும். ஜனவரியிலும் அங்கே ஈரம் இருக்கும், நாயும் வழுக்கும், கயிற்றைப் பிடித்திருக்கும் நீங்களும் வழுக்குவீர்கள். தூரத்தில் மலைமுகத்தில் சிவப்புக் கோடு தெரிந்தால், பாதை அதைக் கடக்கும் இடத்தில் கயிற்றை இடுப்பில் கட்டியிருக்கக் கூடாது, கையில் இருக்க வேண்டும்.

எங்கே கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் உயரமான சிகரம் கள்சுபாய், 1,646 மீட்டர். எல்லாருக்கும் அங்கே போக ஆசை. அது ஹரிச்சந்திரகட்டோடு சேர்ந்த வனவிலங்குச் சரணாலயம், ஏணியும் உண்டு. பீமாசங்கரும் சரணாலயம். சரணாலயத்துக்குள் வீட்டு நாய் வேண்டாம் என்பது வெறும் சட்டத்துக்காக இல்லை. நாய்க்காய்ச்சல் என்கிற டிஸ்டம்பர் நரிக்கும் ஓநாய்க்கும் தொற்றும், நாய் வாடை பட்ட இடத்தைக் காட்டுப் பிராணி விட்டு விலகும். சாத்தாரா பக்கத்துப் பூ மேடான காஸ் 2012 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பூ முடிந்த ஜனவரியிலும் அந்த மண்ணில் விதையும் கிழங்கும் இருக்கும். அங்கேயும் வேண்டாம். கோட்டைகளில் லோககட், ராஜகட் முதலியவை 2025-இல் மராட்டியப் போர்க் கோட்டைகளாக அதே பட்டியலில் சேர்ந்தன, நம் செஞ்சியும் அதில் ஒன்று. கோட்டை வாசலுக்கு உள்ளே நாய் இல்லை, திருமயத்துக்குச் சொன்ன அதே விதி.

சரி, எங்கே போவது? லோணாவளாவிலிருந்து ராஜ்மாச்சிக் கோட்டை அடிவாரத்து உதேவாடி ஊர் வரை போகும் மண் தடம்தான் என் முதல் தேர்வு. ஒரு வழி 15 கிலோமீட்டர் அளவு, பெரும்பாலும் தட்டை, ஏணி கிடையாது. கொண்டாணே குகை வழியாக ஏறும் இன்னொரு பாதை நெட்டேற்றம், முதல் தடவைக்கு அதை விடுங்கள். உதேவாடியில் ஊர்க்காரர் வீட்டில் தங்கலாம், நாய் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுநாள் கோட்டைக்கு ஒருவர் போகும்போது மற்றவர் நாயோடு ஊரில் இருக்கட்டும். திரும்பி வர 15 வேண்டாம் என்றால் வண்டி பேசிக்கொள்ளலாம். இரண்டாவது, பவனா அணையைச் சுற்றியுள்ள கிராமத் தடங்கள். ஏழெட்டு கிலோமீட்டர் வட்டமாகப் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது பஞ்சகணி டேபிள் லேண்ட். அதன் மேல்மூடி செம்புராங்கல், பார்த்தவுடன் காரைக்குடி ஞாபகம் வரும். ஆனால் இங்கே செம்புராங்கல் எரிமலைப் பாறையே மழையிலும் வெயிலிலும் மக்கி உருவானது. நம் ஊரில் அது வேறு பாறையிலிருந்து வந்தது. சவாரிக் குதிரைகள் ஓடும் இடம், சிப்பிப்பாறைக்கு அது பெரிய சபலம். வார நாளில் காலையிலேயே போய் வந்துவிடுங்கள்.

சபலம் என்றதும் இதைச் சொல்ல வேண்டும். சிப்பிப்பாறை பார்வையால் வேட்டையாடும் இனம். முயல் ஒன்று எழுந்தால் கூப்பிடும் குரல் காதில் ஏறாது. ஜனவரியில் மேட்டு விளிம்பில் இடுப்பளவு காய்ந்த புல் நிற்கும், அதற்கு அப்பால் நேர் பள்ளம். புல் எங்கே முடிகிறது என்று மனிதனுக்கே தெரியாது. முழு நடையிலும் கயிறு அவிழ்க்காதீர்கள். தட்டையில் 5 மீட்டர், விளிம்பு தெரிந்தால் 2 மீட்டர். சுருள் கயிறு, பட்டன் அமுக்கினால் நீளும் கயிறு இரண்டும் வேண்டாம், பாறை உராய்வில் அறுந்துவிடும். கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். சிப்பிப்பாறையின் தலை கழுத்தைவிட ஒடுங்கியது, பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டை கழன்றுவிடும். மார்பில் ஒய் வடிவமாக வரும் ஹார்னஸ், முதுகில் கைப்பிடியோடு, வயிற்றுக்குக் கீழே இரண்டாவது பட்டை உள்ளதாகப் பாருங்கள். ஒற்றைப் பட்டை ஹார்னஸிலிருந்தும் ஒல்லி நாய் உருவிக்கொள்ளும்.

சிறுத்தை. ஜுன்னர், அகோலே வட்டாரங்களில் கரும்புக் காட்டிலேயே வாழ்கின்றன. அகோலே பக்கத்துச் சிறுத்தைகள் என்ன தின்கின்றன என்று ஆராய்ந்ததில் வீட்டு நாய்தான் முதலிடம். இரவில் நாயை வெளியே கட்டாதீர்கள், திண்ணையிலும் கூடாது. கதவடைத்த அறை, இல்லையென்றால் உங்கள் கூடாரத்துக்குள். இங்கே ஜனவரியில் சூரியன் எழுவது 7 மணிக்கு மேல். நம் ஊர் வழக்கத்தில் ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் நடப்பீர்கள். வெளுத்த பிறகு கிளம்பி 11 மணிக்குள் நடையை முடியுங்கள்.

முள்வாங்கி:

மேலே யாரும் சொல்லாதது ஊசிப்புல். மழை முடிந்து காய்ந்ததும் அதன் விதை கறுப்பு ஊசி மாதிரி நிற்கும், வாலில் முறுக்கு இருக்கும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்து தானே திருகிக்கொண்டு உள்ளே போகும், பின்னோக்கிய மயிர் இருப்பதால் திரும்பி வராது. விரல் இடுக்கு, காதுத் துளை, அக்குள், கண் ஓரம், குறியைச் சுற்றி: இந்த ஐந்து இடமும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நாய் திடீரென்று தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுக்குள் போய்விட்டது என்று பொருள். நீங்கள் குச்சி விட்டு எடுக்காதீர்கள், செவிப்பறை கிழியும்; மருத்துவரிடம் போங்கள். குட்டை மயிர் இனம் என்பதால் உங்களுக்கு வேலை பாதிதான்.

உண்ணிக்கு, கிளம்ப ஒரு வாரம் முன்பு மருத்துவரைக் கேட்டு மாத்திரை கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் வேலை செய்வதும் உண்டு, பன்னிரண்டு வாரம் வேலை செய்வதும் உண்டு. உண்ணியைப் பிடுங்கும்போது தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்கவும். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி வைத்தியம் கூடாது; உண்ணி கக்கும், கக்கினால் கிருமி ரத்தத்துக்குள் போகும்.

நகத்தை ஒரு வாரம் முன்பே வெட்டுங்கள். முந்தின நாள் வெட்டினால் ஓரம் கூராக இருந்து பாறைப் பிளவில் மாட்டிப் பிய்யும். முன்னங்காலில் மேலே தொங்கும் ஒற்றை நகத்தைத்தான் பலரும் மறப்பார்கள்.

ரஸ்தா_வாசி:

ரொம்ப நன்றி அண்ணே, எல்லோருக்கும். திருமயமும் பிரான்மலையும் விட்டாச்சு, நாளைக்கே கண்மாய்க் கரை.

மீதி சில சந்தேகம். ஷூவைப் பற்றித் தெளிவு வரவில்லை: வாங்கலாமா, இங்கே செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தைக்கலாமா? வெயில் மயக்கம் வந்தால் அந்த இடத்திலேயே என்ன செய்வது? பாம்பு? வீட்டில் சோறு, கறிக்குழம்பு, எலும்பு கொடுத்துத்தான் பழக்கம், வழியிலும் அதுவே போதுமா? போவது ரயிலா, காரா?

மாட்டாஸ்பத்திரி:

கால்நடை மருத்துவம் சார்ந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சாப்பாடு. குழம்புச் சோறு அறவே வேண்டாம். செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாதது எது? வெங்காயம் பச்சையோ வெந்ததோ, பொடியோ, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வீட்டில் ‘இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை’ என்பது கொஞ்சம் கொஞ்சமாக உடைவது வெளியே தெரியாததால். மலையேறும் நாளில் அந்த ரத்தக்குறை இளைப்பாகத் தெரியும். வெந்த எலும்பு ஊசியாகப் பிளக்கும். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் மூன்றும் நஞ்சு. வழிநடைக்கென்று வாங்கும் உலர்பழப் பொட்டலத்தில் கிஸ்மிஸ் இருக்கும், கவனம். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சோறு, வெந்த முட்டை: இவை போதும். இரண்டு வாரம் முன்பே இந்தச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுங்கள், பயணத்தில் மாற்றினால் வயிறு போகும்.

நேரம் இன்னும் முக்கியம். சிப்பிப்பாறைக்கு நெஞ்சுக்கூடு ஆழம். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் அபாயம் இந்த உடல்வாகுக்கு அதிகம். முந்தின இரவு முழுச் சாப்பாடு. காலையில் நடைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வழக்கத்தில் கால் பங்கு. வழியில் மணிக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி. நடை முடிந்து, மூச்சு அடங்கி, ஒரு மணி நேரம் கழித்தே பெரிய சாப்பாடு. நடை நாளில் மொத்த அளவு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் நுரை மட்டும் வந்தால் அது அறுவை சிகிச்சை அவசரம். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

தண்ணீர். சும்மா இருக்கும் நாளில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி. 22 கிலோவுக்கு ஒன்றேகால் லிட்டர். நடக்கும் நாளில் இரட்டிப்பு. நாய்க்கென்று இரண்டரை லிட்டர் தனியாகச் சுமக்க வேண்டும், உங்கள் தண்ணீர் வேறு. இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை 150 முதல் 200 மில்லி. ஒரே மூச்சில் முக்கால் லிட்டர் குடிக்க விடாதீர்கள். கோட்டைப் பாறையில் வெட்டிய தொட்டிகளில் தண்ணீர் நிற்கும். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீர்தான் எலிக்காய்ச்சலுக்கு வழி. உங்கள் தடுப்பூசி அட்டையில் லெப்டோ இருக்கிறதா, ஒரு வருடத்துக்குள் போட்டதா என்று பாருங்கள். பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல் ஏடு படிந்த நீரைக் காலால் தொடவும் விடக் கூடாது. அந்தப் பாசி சில மணி நேரத்தில் கல்லீரலைக் கெடுக்கும்.

வெயில். ஜனவரியிலும் அங்கே பகலில் 30 டிகிரி வரும், கறுப்புப் பாறை அதைவிட அதிகச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் காலுக்கும் அது முடியாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. நடையில் 40 வரை ஏறி, நின்றால் இறங்கிவிடும். 40.5-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் அதுதான் ஆபத்து. ஆசனவாய் வெப்பமானி ஒன்று பையில் இருக்கட்டும். அது காட்டுவதற்கு முன்பே நாக்கு காட்டும்: அகலமாகத் தட்டையாகத் தொங்கும், எச்சில் நூலாகக் கெட்டிப்படும், ஈறு செங்கல் நிறத்துக்குப் போகும், எப்போதும் முன்னால் ஓடும் நாய் உங்கள் பின்னால் வரும். கடைசி அறிகுறி வந்தவுடனேயே நிறுத்துங்கள், தள்ளாட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நிறுத்தியபின்: நிழல், ஹார்னஸைக் கழற்று, கையிலிருக்கும் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, அக்குள், உள்ளங்கால் மேல் ஊற்று, துண்டால் விசிறு. ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள். துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைக்கும். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுவது. 39.5-க்கு வந்தவுடன் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் அளவுக்கு மீறி இறங்கும். எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது மறுநாள்தான் தெரியும்.

பாம்பு. செம்புராங்கல் மேட்டிலும் சரி, அங்குள்ள பாறை மேட்டிலும் சரி, நாய்க்கு அதிகம் ஆபத்து சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும். நாய் மோப்பம் பிடிக்கப் போவதால் கடி முகத்திலோ முன்னங்காலிலோ இருக்கும். கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே, பனிக்கட்டி வைக்காதே. நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்கு. மனிதருக்குப் போடும் கூட்டு விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அது வேலை செய்யும். எந்தக் கிளினிக்கில் அது கையிருப்பில் இருக்கிறது என்று கிளம்புவதற்கு முந்தின நாளே போனில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 22 கிலோவை ஐந்து கிலோமீட்டர் கையில் தூக்க முடியாது. நான்கு கால் நுழையும் துளை வைத்த துணித் தூளி, முதுகில் மாட்டுவது போல், அரைக் கிலோகூட வராது. வீட்டில் இரண்டு மூன்று முறை அதில் ஏற்றிப் பழக்குங்கள். வலியோடு இருக்கும் நாயை முதல் தடவையாக அதில் திணிக்க முடியாது.

மருந்துப் பையில் பாரசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ ‘நாய்க்கும் ஆகும்’ என்று வைக்காதீர்கள். இரண்டும் நாய்க்கு ஆகாது. சலைன், போவிடோன் அயோடின், காஸ் துணி, தன்னோடு தானே ஒட்டும் கட்டுத்துணி, வாயைக் கட்ட மெல்லிய துணி: இவை போதும்.

தண்டவாளம்:

ரயில் விஷயம் சுருக்கமாக. நாயை உங்களோடு வைத்துக்கொள்ள குளிர்சாதன முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபேயோ நான்கு பேர் கேபினோ முழுவதும் உங்களுடையதாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்தாலும் கூபே கிடைக்கும் என்று உறுதி இல்லை, சார்ட் போடும்போதுதான் தெரியும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பர் எதிலும் அனுமதி இல்லை. மற்றபடி கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு; இரும்புக் கூண்டு, இடம் குறைவு, புனே வரைக்கும் ஒரு நாளுக்கு மேல் அதில் சிப்பிப்பாறை அடைபட்டு வந்தால் வந்தவுடன் மலை நடை முடியாது. பார்சல் அலுவலகத்தில் தடுப்பூசி அட்டையைக் காட்டி முன்பதிவு செய்ய வேண்டும்.

கார்தான் நல்லது. திருச்சி, சேலம், பெங்களூரு, ஹூப்ளி, பெளகாவி, கோலாப்பூர், சாத்தாரா வழியாக 1,250 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நாளாகப் பிரியுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி நடத்துங்கள், பெட்ரோல் பங்க் தெரு நாய்கள் இல்லாத இடமாகப் பார்த்து. போய்ச் சேர்ந்த மறுநாள் முழு ஓய்வு, அதற்கு அடுத்த நாள்தான் மலை.

கண்மாய்க்கரை:

ஷூ பற்றி. எட்டு வாரம் ஒழுங்காகப் பழக்கினால் உதேவாடித் தடத்துக்கு ஷூ தேவைப்படாது. ஆனால் ஒரு செட் பையில் இருக்கட்டும், சூடேறிய பாறைக்கும் கால் அறுந்தால் இறங்கி வருவதற்கும். செருப்புத் தைப்பவரிடம் தோலிலும் டயரிலும் தைப்பது உழைக்கும், ஆனால் மடங்காது. மடங்காத அடியோடு நாய் விரலை விரிக்க முடியாது, பாறையில் வழுக்கும். மெல்லிய ரப்பர் அடியும் துணி மேல்பாகமும் உள்ளதாக வாங்குங்கள். அளவு எடுக்கும்போது காகிதத்தின் மேல் காலை வைத்து, எதிர்க் காலைத் தூக்குங்கள். முழு எடை விழுந்து விரல் விரியும்போது உள்ள அகலம்தான் அளவு. முன்கால் பின்காலைவிட அகலம், இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். சிப்பிப்பாறையின் பாதம் முயல் பாதம் போல் நீண்டு ஒடுங்கியது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வட்டப் பாத நாய்களுக்கானவை, சுழன்றுவிடும். உள்ளே மெல்லிய பருத்திக் காலுறை போட்டால் சுழல்வது குறையும், மேல் நகம் உராய்ந்து புண்ணாவதும் குறையும்.

வீட்டுக்குள் ஐந்து நிமிடம் போட்டு நடத்திப் பழக்குங்கள், முதல் நாள் கொக்கு மாதிரி காலைத் தூக்கும், மூன்று நான்கு நாளில் மறந்துவிடும். மலையில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை கழற்றுங்கள். நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில். உள்ளே ஈரம் தேங்கினால் தோல் ஊறிப்போகும். ஈரப் பாறையிலும் சிவப்புக் களிமண்ணிலும் ஷூவைக் கழற்றிவிடுங்கள், அங்கே நகம்தான் பிடி.

இரவுக்கு ஒன்று. ஜனவரியில் அந்த மேட்டில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். இவனுக்கு மயிரும் இல்லை, தோலுக்கடியில் கொழுப்பும் இல்லை. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், பாறைத் தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு அதன் மேல் கம்பளி. உடம்பு ஈரமாக இருந்தால் துவட்டிவிட்டே படுக்க வையுங்கள்.

ரஸ்தா_வாசி:

குறித்துக்கொண்டேன். லெப்டோ போன வருடம் செப்டம்பரில் போட்டது, ஒரு வருடம் தாண்டிவிட்டது. இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

மாட்டாஸ்பத்திரி:

ஓரிரு மாதம் தாண்டியதென்றால் பெரும்பாலும் ஒரு ஊசி போதும். இடைவெளி நீண்டுவிட்டால் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போடச் சொல்வார்கள். அட்டையைக் கையோடு கொண்டுபோய்த் தேதியைக் காட்டுங்கள். ஊசி போட்ட மறுநாள் கண்மாய்க் கரை ஏற்றம் வேண்டாம், மண் தடத்தில் சாதாரண நடை மட்டும்.